சொன்ன சொல்லும் கொண்ட பொருளும்

‘எல்லாம் அவன் செயல்’ என்னும் தொடர் நம் வீடுகளில் ஒரு நாளைக்கு எத்தனை முறை ஒலிக்கிறது என்று எவரும் எண்ணிப் பார்த்ததில்லை. பிள்ளை தேர்வில் தவறினால் அவன் செயல். கொடுத்த கடன் திரும்பாவிடில் அவன் செயல். வாங்கிய கடனை நாம் திருப்பாவிட்டாலும், சற்றே குரல் தாழ்த்தி, அவன் செயல். பொம்மசந்திராவில் நம் அண்டை வீட்டுக் கன்னட அன்பர்கள் ‘ஹணெபரஹ’ என்று பெருமூச்செறிவர்; நம் ‘தலையெழுத்’துக்கு நேர் நிற்கும் சொல் அது. மொழி இரண்டாயினும் சாய்ந்துகொள்ளும் சுவர் ஒன்றே. இதில் ஒரு வேடிக்கை உண்டு. அதே பிள்ளை முதல் வகுப்பில் தேறிவிட்டால் அது பிள்ளையின் உழைப்பு. அத்திப்பள்ளிப் பக்கம் வீட்டுமனை ஒன்று அமைந்துவிட்டால் அது நம் சாமர்த்தியம். வரவை நம் பெயரிலும் செலவை ஆண்டவன் பெயரிலும் எழுதும் இந்தக் கணக்குமுறையை எந்தத் தணிக்கையாளரும் ஒப்பார்.

எனினும் இத்தொடரை இகழ்ந்து ஒதுக்குவதும் பொருந்தாது. பெரியோர் அனுபவத்தில் கண்ட உண்மை அது. மெய்கண்டாரின் சிவஞானபோதம் பன்னிரண்டு நூற்பாக்களால் ஆனது; அதன் பத்தாம் நூற்பா, இறைவனோடு ஒன்றி அவன் பணியில் நிற்பவனை வினை பற்றாது என்கிறது. நிலையைக் கவனிக்க வேண்டும்: ‘யான்’, ‘எனது’ என்னும் இரண்டும் கழன்று வீழ்ந்தவனுக்குரிய நிலை அது. சம்பளத்தையும் வாடகையையும் ‘எனது’ என்று பிடித்துக்கொண்டிருக்கும் நாம், தவறு நேரும் வேளைக்கு மட்டும் அந்த நிலையை இரவல் வாங்குகிறோம். கீதையின் பதினெட்டாம் அத்தியாயமும் இதையொட்டிய ஒரு கணக்கைத் தருகிறது. எச்செயலுக்கும் காரணங்கள் ஐந்து. உடலாகிய நிலைக்களம், செய்பவன், கருவிகள், பலவகை முயற்சிகள், ஐந்தாவதாகத் தெய்வம். தான் ஒருவனே எல்லாம் செய்வதாக எண்ணுபவன் அறிவிலி என்றும் அங்கே சொல்லப்படுகிறது. ஆணவத்துக்கு அது தக்க மருந்து. ஆனால் ஐந்தில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற நான்கையும் அடித்துவிட அந்த நூல் எவருக்கும் உரிமை தரவில்லை. சைவ நூல்கள் வினையைச் சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என்று மூன்றாக வகுப்பதும் இங்கு எண்ணத்தக்கது. இப்பிறவியில் நுகர வந்தது பிராரத்தம். அதை நுகரும்போது நாம் புதிதாக ஈட்டிக்கொள்வது ஆகாமியம். தலையெழுத்து என்று நாம் புலம்புவது முன்னதைப் பற்றியதாயின் குறையில்லை. பின்னதையும் அதன் கீழ் ஒளித்து வைப்பதே நம் வழக்கமாகிவிட்டது.

சாத்திரம் இவ்வளவில் நிற்கட்டும். ஒருவன் தன் செயலுக்குத் தானே பொறுப்பேற்பது எவ்வாறிருக்கும் என்பதைக் கதையாகக் காட்டிய நூல் ஒன்று நம்மிடம் இருக்கிறது. அதை இயற்றிய சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் குலோத்துங்க சோழனிடம் அமைச்சராயிருந்தவர். ஓலையும் முத்திரையும் வழக்கும் தீர்ப்பும் அறிந்த அரசு அலுவலர். ஆகவேதானோ என்னவோ, பெரியபுராணத்தில் ஆணையிடுதல், ஓலை காட்டுதல், சபையில் வழக்குரைத்தல் போன்ற காட்சிகள் நிரம்பியிருக்கின்றன. அவற்றுள் இரண்டு ஆணைகளை அருகருகே வைத்துப் பார்ப்பது நம் நோக்கம்.

முதலாவது தில்லையில் வாழ்ந்த ஒரு குயவனாரின் வீட்டில் நிகழ்வது. திருநீலகண்டர் என்று இன்று நாம் அழைக்கும் அவர் அடியார்களுக்குத் திருவோடு செய்து கொடுத்துவந்தவர். இளமையில் ஒரு பரத்தையின் வீட்டுக்குப் போய்வந்தார். மனைவியார் இல்லறக் கடமை எதிலும் குறை வைக்கவில்லை. உடன் உறைதலை மட்டும் மறுத்தார். கணவர் வேண்டி அணுகிய ஒருநாள், திருநீலகண்டத்தின் மேல் ஆணையிட்டு, எம்மைத் தீண்டாதீர் என்றார். ‘என்னை’ என்று சொல்லவில்லை, ‘எம்மை’ என்றார். கணவர் அதைக் கேட்ட அளவில், பன்மையில் சொன்னமையால் மற்றைப் பெண்களையும் இனி மனத்தாலும் தீண்டேன் என்று முடிவு செய்துகொண்டார். அன்று தொடங்கிய விலக்கு முதுமை வரையில் நீண்டது. ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரே வாசல். அயலார் அறியாதபடி இருவரும் வாழ்ந்து மூத்தனர்.

இங்கே சற்று நிற்போம். ஒருவர் தம்மையே பன்மையில் குறிப்பது தமிழில் புதிதன்று. அந்த அம்மையார் சினத்தில் தம்மைத்தான் குறித்திருப்பார் என்று கொள்ள எவ்வளவோ இடமிருந்தது. ‘உன்னை மட்டுமே சொன்னாய், பிறரைச் சொல்லவில்லையே’ என்று அந்தக் குயவனார் வாதிட்டிருந்தால் இலக்கணம் அவர் பக்கம் நின்றிருக்கும். பரத்தையின் வீட்டுக் கதவும் திறந்தே இருந்தது. ஆனால் ஒரு சொல்லுக்கு இரு பொருள் இருந்தபோது, தமக்கு எது மிகுதியான பாரமோ அந்தப் பொருளை அவர் எடுத்துக்கொண்டார். பொறுப்பேற்றல் என்பதற்கு இதைக் காட்டிலும் நுட்பமான விளக்கம் நாம் அறிந்த அளவில் வேறில்லை. தவறு செய்தவன் அழுவது எளிது. நெற்றி நிலத்தில் பட விழுவதும் எளிது. தன்னைக் கட்டும் சொல்லைப் படிக்கும்போது அதைத் தனக்கு எதிராகப் படிப்பதே அரிது.

மத்திய அரசின் எழுத்துப் பணியில் ஆண்டுகள் பலவற்றைக் கழித்துவிட்ட நமக்கு, இது எவ்வளவு அரிது என்பது நன்கு தெரியும். விதிகளைப் படிப்பதே நம் தொழில். பயணப்படி விதியோ விடுப்பு விதியோ, ‘இதற்கு இப்படியும் பொருள் கொள்ளலாமே’ என்று ஒருவர் நம் மேசைக்கு வருகிறார் என்றால், அந்தப் பொருள் அவருக்கு ஆதாயமாகவே இருக்கும். தமக்கு நட்டம் தரும் பொருளை எடுத்துக்காட்ட வந்தவரை இதுவரை நாம் கண்டதில்லை. அலுவலகக் கோப்பில் இன்னொரு விந்தையும் உண்டு. நல்லது நடந்தால் அங்கே எழுவாய் இருக்கும்: இன்னார் செய்தார், இன்னார் முயன்றார். தவறு நடந்தாலோ எழுவாய் காணாமற் போய்விடும்: ‘கவனக்குறைவு ஏற்பட்டுள்ளது’, ‘தாமதம் நேர்ந்துள்ளது’, ‘இழப்பு உண்டாகியுள்ளது’. மழை பெய்தது போல, யாரும் செய்யாமலே எல்லாம் நேர்ந்துவிடும். நாம் வீட்டில் சொல்லும் ‘அவன் செயல்’ இந்தக் கோப்பு நடையின் பக்தி வடிவம் என்றே தோன்றுகிறது. பன்மையிலும் அப்படி ஓர் ஒளிவிடம் இருக்கிறது. இக்கட்டுரையில் ‘நாம்’ ‘நாம்’ என்று எழுதிக்கொண்டு போவது மலர்க் கட்டுரைகளின் மரபு; அடக்கம் கருதி வந்த மரபு. அந்தக் குயவனாரோ பன்மையைக் கேட்டு, தம் பொறுப்பைப் பெருக்கிக்கொண்டார். நாம் பன்மையில் பேசித் தனி ஆளின் பொறுப்பைக் கரைத்துவிடுகிறோம்.

அரசுப் பணி என்றவுடன் நினைவுக்கு வரும் மற்றொரு செய்தி. 1956 நவம்பரில் அரியலூருக்கு அருகே மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி விரைவு வண்டி கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அப்போது இரயில்வே அமைச்சராயிருந்தவர் லால் பகதூர் சாஸ்திரி. வண்டியை ஓட்டியவர் அவரல்லர். பாலத்தைப் பார்வையிட்டவரும் அல்லர். ஆற்று வெள்ளத்தின் மேல் பழியைப் போட்டிருந்தால் மறுத்துரைக்க ஆளில்லை. அவர் பதவி விலகினார். ‘அமைச்சர்’ என்ற சொல்லுக்கு அவர் கொண்ட பொருள், அந்தக் குயவனார் ‘எம்மை’ என்ற சொல்லுக்குக் கொண்ட பொருளைப் போல அகன்றது. அதற்குப் பின் எத்தனையோ வண்டிகள் கவிழ்ந்தன. அந்த அகலமான பொருள் எவ்வளவு பேருக்குப் பிடித்தது என்பதை வாசகர் அறிவர்.

குயவனாரின் கதை விலக்கோடு முடிந்துவிடவில்லை. முதுமையில் ஒரு சிவயோகியார் வந்து, திருவோடு ஒன்றைக் காத்து வைக்குமாறு தந்து போகிறார். சிலகாலம் கழித்து வந்து கேட்கும்போது ஓடு வைத்த இடத்தில் இல்லை. வேறு நல்ல ஓடு தருகிறேன் என்கிறார் குயவனார், யோகியார் ஒப்பவில்லை. திருடவில்லை என்றால் மகனின் கையைப் பிடித்துக் குளத்தில் மூழ்கிச் சத்தியம் செய் என்கிறார். மகன் இல்லை. அப்படியாயின் மனைவியின் கையைப் பிடித்து மூழ்கு என்கிறார். வழக்கு தில்லைவாழ் அந்தணர் சபைக்குப் போகிறது. மனைவியின் கையைப் பற்றி மூழ்குவதே முறை என்று சபையும் தீர்ப்புரைக்கிறது. குயவனார் ஒரு மூங்கில் தண்டை எடுத்து, ஒரு முனையை மனைவியாரிடம் தந்து, மறுமுனையைத் தாம் பற்றிக் குளத்தில் இறங்குகிறார். கையையே பற்ற வேண்டும் என்று யோகியார் வற்புறுத்தவே, ஊரார் அனைவரும் கேட்கும்படி, இளமையில் தாம் செய்ததையும் மனைவியார் இட்ட ஆணையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறார்.

மூழ்கி எழுந்தபோது இருவரும் இளமை பெற்றிருந்தனர் என்பது எல்லோரும் அறிந்த முடிவு. சிதம்பரத்தில் இளமையாக்கினார் கோயிலும் அதன் குளமும் இன்றும் உள்ளன. நம்மவர் இக்கதையைச் சொல்லும்போது குளத்திலிருந்து எழுந்த இளமையைப் பேசுவர். குளக்கரையில் நின்று பேசிய முதியவரைப் பேசமாட்டார். நமக்கோ அற்புதம் அந்தக் கரையிலேயே நிகழ்ந்துவிட்டதாகத் தோன்றுகிறது. ஓடு களவு போன வழக்கில் அவர் குற்றமற்றவர். அந்த வழக்கில் தம்மைக் காத்துக்கொள்ள, வேறொன்றில் தாம் குற்றவாளி என்பதைச் சொல்ல வேண்டியிருந்தது. கையைப் பற்றி மூழ்கியிருந்தால் ஊரார் மெச்சியிருப்பர். ஆணை உடைந்தது இருவருக்கு மட்டுமே தெரிந்திருக்கும். பல்லாண்டு யாரும் அறியாமல் காத்த மானத்தை அவர் ஒரு மூங்கில் தண்டுக்காக விட்டுக்கொடுத்தார்.

இனி இரண்டாவது ஆணை. இது திருவொற்றியூரில். சுந்தரர் திருவாரூரில் பரவையாரை மணந்து வாழ்ந்தவர். ஒற்றியூருக்கு வந்த இடத்தில், இறைவனுக்கு மாலை தொடுத்துத் தரும் சங்கிலியாரைக் கண்டு மணக்க விரும்பினார். அம்மையார்க்கு ஐயம்: ஆரூரில் ஒரு வீடு இருக்கிறதே! ஒற்றியூரைவிட்டுப் பிரியேன் என்று சுந்தரர் ஆணையிட்டுத் தர வேண்டும் என்று ஏற்பாடாகிறது. ஆணை சந்நிதியில் நடக்கும். அப்போது சுந்தரர் செய்த காரியத்தைச் சேக்கிழார் மூடி மறைக்கவில்லை. நாங்கள் ஆணையிட வரும் வேளையில் தேவரீர் கருவறையை விட்டு வெளியே மகிழ மரத்தடிக்குப் போய்விட வேண்டும் என்று இறைவனிடமே வேண்டிக்கொண்டார். கருவறையில் கடவுள் இல்லையானால் அங்கே செய்த ஆணை கட்டாது என்பது கணக்கு. விதியில் ஓட்டை தேடும் எந்த அலுவலரும் இதைக் கேட்டால் எழுந்து நின்று வணங்குவார். இறைவனும் இசைந்தார், இசைந்தவர் சங்கிலியாரின் கனவில் போய், ஆணையை மகிழ மரத்தடியில் வாங்கிக்கொள் என்று சொல்லிவிட்டார். விடிந்ததும் சந்நிதிக்குப் போக வந்த சுந்தரரைத் தோழியர் மகிழடிக்கு அழைத்தனர். மறுக்க வழியில்லை. மரத்தை வலம் வந்து ஆணையிட்டார்.

ஒன்றை மறந்துவிடலாகாது. இந்தச் சுந்தரர்தான் திருவாரூரில் திருத்தொண்டத்தொகை பாடியவர். அடியார்களை வரிசைப்படுத்திய அத்தொகையில், தில்லைவாழ் அந்தணராகிய கூட்டத்தாரை அடுத்து, தனியடியார்களில் முதல்வராக வைக்கப்பட்டவர் திருநீலகண்டத்துக் குயவனார். பெரியபுராண வரன்முறைப்படி தொகை முந்தியது. ஒற்றியூர்த் திருமணம் பிந்தியது. ஆணையைத் தமக்கு எதிராகப் படித்தவரை முதலில் வைத்துப் பாடிய நாவே, ஆணையைத் தமக்குச் சாதகமாக வளைக்க இறைவனிடம் பேசியது. நல்லவர் கதையை அறிவது வேறு, அந்த இடத்தில் நாம் நிற்க நேரும்போது நிற்பது வேறு என்பதற்கு அந்த ஒரு வாழ்க்கையே சான்று. வாரந்தோறும் சொற்பொழிவு கேட்டுவிட்டு, வெளியே வந்ததும் செருப்பு வைத்த இடத்தில் சண்டையிடும் நம்மைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

வேனில் வந்தது, தென்றல் வீசியது, ஆரூர் விழாவும் பரவையாரின் ஆடலும் நினைவில் எழுந்தன. சுந்தரர் ஒற்றியூர் எல்லையைக் கடந்தார். இரு கண்களும் ஒளியிழந்தன. ஆணை பிழைத்ததன் பயன் இது என்று உடனே உணர்ந்தார். அங்கிருந்து திருமுல்லைவாயில், திருவெண்பாக்கம், திருவாலங்காடு வழியாகத் தட்டுத்தடுமாறி நடந்த அந்தப் பயணம் தமிழிலக்கியத்தின் மிகத் துயரமான பயணங்களுள் ஒன்று. காஞ்சி ஏகம்பத்தில் இடக்கண் கிடைத்தது. திருத்துருத்திக் குளத்தில் உடற்பிணி நீங்கிற்று. திருவாரூரில் வலக்கண் கிடைத்தது. இழந்தது ஒரே அடியில். மீண்டது தவணை முறையில்.

அந்த வழியில் அவர் பாடிய பதிகங்களை ஒருவர் பொறுமையாகப் படிக்க வேண்டும். மன்றாட்டு உண்டு, ஊடல் உண்டு, கடுஞ்சொல்லும் உண்டு. திருவெண்பாக்கத்தில் அவர் சொல்வது நம் பொருளுக்கு உயிர்நிலையானது. குற்றம் இருந்தாலும் நீர் பொறுத்துக்கொள்வீர் என்று எண்ணியே யான் தவறு செய்தேன் என்கிறார். ஊழ் செய்தது என்று சொல்லவில்லை. தென்றல் செய்தது என்று சொல்லவில்லை. மகிழடிக்குப் போகும்படி சூழ்ச்சி செய்தது நீர்தானே என்று கூடச் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. மன்னிப்பு கிடைக்கும் என்ற துணிவுதான் தவற்றுக்கு வேர் என்று தம் நெஞ்சின் அடியில் கிடந்ததை எடுத்து வெளியே வைக்கிறார். அதே மூச்சில், பழி வருமே என்றும் பாராமல் கண்ணை மறைத்துவிட்டீரே என்று இறைவனைச் சாடவும் சாடுகிறார். குற்றத்தை ஒப்புக்கொள்பவன் கூனிக் குறுகித்தான் நிற்க வேண்டும் என்பதில்லை போலும். ஒப்புக்கொண்டவனுக்கே சண்டையிடும் உரிமையும் வருகிறது.

பக்தி நெறியின் உட்புண் இது என்று நமக்குப் படுகிறது. அருள் பெரிது என்று நம்புவது பக்தி. அருள் பெரிது, ஆகவே இந்தச் சிறு தவறு தாங்கும் என்று எண்ணுவதும் அதே நம்பிக்கையிலிருந்துதான் பிறக்கிறது. நாத்திகனுக்கு இந்தச் சறுக்கல் இல்லை, நமக்கு உண்டு. உண்டியலில் போடும் பணத்தில் ஒரு பகுதி நன்றி, ஒரு பகுதி வேண்டுதல், இன்னொரு பகுதி முன்பணம். எதற்கு முன்பணம் என்பதைப் போட்டவர் அறிவார்.

பொம்மசந்திராத் தொழிற்பேட்டைக்கு வேலைதேடி வந்து ஓசூர் நெடுஞ்சாலையின் இருமருங்கும் குடியேறிய நம் குடும்பங்களில் பக்திக்குக் குறைவில்லை. பௌர்ணமிதோறும் கிருஷ்ணகிரி வழியாகத் திருவண்ணாமலைக்குப் போய்வருவோர் பலர். கார்த்திகை பிறந்தால் கறுப்பு வேட்டிகள். தைப்பூசம் நெருங்கினால் மஞ்சள். ஆதிபராசக்தியின் மன்றத்தார் உடுத்தும் சிவப்பு. ஊரை விட்டு வந்தவர்க்கு இவையே ஊர். ஆயினும் ஒரு நிகழ்ச்சியை இங்கு ஏதேனும் ஒரு தெருவில் கேள்விப்படாதவர் இருக்கமாட்டார்: சீட்டை முன்னதாகத் தள்ளி எடுத்தவர், மூன்றாம் தவணையோடு நிறுத்திக்கொண்டு மாலை போட்டுக்கொள்வார். மாலையிட்டவரிடம் கடன் கேட்பது பாவம் என்று மற்றவர் தயங்குவர். மண்டலம் கழியும். மலைக்குப் போய்வந்தவர் முகத்தில் தெளிவு இருக்கும். நெய்யபிடேகப் பிரசாதம் சீட்டு நடத்திய அம்மாள் வீட்டுக்கும் வரும். தவணை வராது. அந்த அம்மாள் பிரசாதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார், வேறென்ன செய்வார்?

கழுவாய் பற்றிய பழைய நூல்களே இதை ஏற்பதில்லை. மனுவின் நூலில் நமக்கு ஒவ்வாதவை மிகப் பல. ஆனாலும் அதன் பதினோராம் அத்தியாயம், சிறு பொருளைத் திருடியவன் முதலில் அப்பொருளை உரியவரிடம் சேர்ப்பித்துத்தான் தன் தூய்மைக்காக நோன்பு நோற்க வேண்டும் என்கிறது. வரிசையைக் கவனிக்க: பொருள் முதலில், நோன்பு பிறகு. இறைவனுக்குச் செய்த பிழையை இறைவன் மன்னிக்கலாம். சீட்டு அம்மாளுக்குச் செய்த பிழையை மன்னிக்கும் அதிகாரம் சீட்டு அம்மாளிடம் இருக்கிறது. இந்த இடத்தில் சுந்தரர் கதையும் நமக்கு ஒரு குறையை விட்டுவைக்கிறது என்பதைச் சொல்லாமலிருக்க முடியவில்லை. ஆரூரில் ஊடியிருந்த பரவையாரைச் சமாதானம் செய்ய இறைவனே இருமுறை தூது நடக்கிறார். அது விரிவாகப் பாடப்பட்டது. ஒற்றியூரில் ஆணையை நம்பியிருந்த சங்கிலியாருக்கு என்ன ஈடு தரப்பட்டது என்பது அவ்வாறு விரித்துரைக்கப்படவில்லை. இறுதியில் இருவரும் கயிலை சேர்ந்தனர் என்று கதை முடிகிறது. கண் இழந்தது இறைவனிடம் பட்ட கடனுக்கு. அம்மையாரிடம் பட்ட கடன் அங்கேயே நிற்பதாக நமக்கு ஓர் உறுத்தல்.

பொருள் விவகாரத்தில் இன்னும் கூரிய வழக்கு திருவாதவூரரின் வழக்கு. பாண்டியனின் அமைச்சர், குதிரை வாங்கும்படி தந்த அரசாங்கப் பொன்னைத் திருப்பெருந்துறையில் கோயிற்பணிக்குச் செலவிட்டார். இன்று புதுக்கோட்டை மாவட்டத்து ஆவுடையார்கோயிலுக்குப் போய் அந்தக் கற்கூரைகளை அண்ணாந்து பார்ப்பவர்க்கு இந்தக் கேள்வி எழாது. எழுத்தர்க்கு எழும். பொன் குடிமக்களுடையது, பக்தி அமைச்சருடையது. நரி பரியான கதையைக் கூறி நாம் அமைச்சரை விடுவித்துவிடுகிறோம். ஆனால் மரபு அவரை அவ்வளவு எளிதில் விடவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். வைகை மணலில், சுடும் வெயிலில், அவரை நிற்க வைத்தது. அவர் நின்றார், குரு சொல்லிச் செய்தேன் என்று குருவின் மேல் சாட்டவில்லை. ஏறத்தாழச் சேக்கிழாரின் நூற்றாண்டிலேயே கர்நாடக மண்ணில் கலியாண நகரத்தில் பிஜ்ஜள மன்னனிடம் கருவூல அதிகாரியாயிருந்த பசவண்ணர்மீதும் இதே குற்றச்சாட்டு எழுந்தது. அடியார்க்கு உணவிட அரசுப் பணத்தை எடுத்தார் என்றனர். அவர் கணக்கைக் கொண்டுவந்து வைத்தார், ஒரு காசும் குறையவில்லை என்று வீரசைவ மரபு சொல்கிறது. இரண்டு கதைகளில் நமக்கு எது பிடிக்கிறது என்று கேட்டால், அண்டை மாநிலத்துக் கதை என்று சொல்லத் தமிழபிமானம் குறுக்கே நிற்கிறது. எழுத்தர் மனம் பசவண்ணர் பக்கமே சாய்கிறது.

இவற்றையெல்லாம் இம்மலரில் எழுத நேர்ந்ததற்குக் காரணம் நம் பிள்ளைகள். அவர்கள் பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் படிக்கிறார்கள். தமிழ்க் கதைகள் அவர்களுக்கு நம் வாய்வழியே, அல்லது சங்க மேடையில் ஓர் இருபது நிமிடச் சொற்பொழிவின் வழியேதான் வந்து சேர வேண்டும். இருபது நிமிடத்தில் நாம் எதைச் சொல்கிறோம்? முதியவர் இளைஞரானார், குருடர் பார்வை பெற்றார், நரி குதிரையானது. இடையில் கிடந்த ஆண்டுகளை விட்டுவிடுகிறோம். ஒரே கூரையின் கீழ் தீண்டாமல் கழிந்த ஓர் ஆயுள், இருட்டில் நடந்த நெடுவழி, சுடுமணல் இவை சொற்பொழிவுக்குச் சுவை தருவன அல்ல என்று நினைக்கிறோம். முடிவை மட்டும் கேட்டு வளரும் பிள்ளை, கடவுளைக் கும்பிட்டால் கணக்கு தீர்ந்துவிடும் என்று எடுத்துக்கொண்டால் அந்தப் பிள்ளையைக் குறை கூற முடியாது. பத்துப் பன்னிரண்டு வயதில் ‘அப்படியானால் தப்பு செய்துவிட்டு வேண்டிக்கொண்டால் போதுமா?’ என்று கேட்கவும் செய்யும். அதற்கு நம்மிடம் ஆயத்தமாக இருக்கும் விடை ‘பெரியவர்களை எதிர்த்துப் பேசாதே’ என்பதாகத்தான் இருக்கிறது. திருக்குறளில் அறத்துப்பாலின் கடைசி அதிகாரம், 38ஆவது, ஊழ். பொருட்பாலுக்குள் போனால் 62ஆவதாக ஆள்வினையுடைமை இருக்கிறது. பிள்ளைகளுக்கு இரண்டையும் மனப்பாடம் செய்யவைத்துப் பரிசளிக்கிறோம். இரண்டையும் ஒரே ஆசிரியர் ஏன் எழுதினார் என்று அவர்களோடு உட்கார்ந்து பேசுவதில்லை.

விடுமுறையில் ஊருக்கோ சென்னைக்கோ போகும் குடும்பங்கள் பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டத்தக்க இடம் ஒன்று உண்டு. பெங்களூரிலிருந்து சென்னை செல்லும் இரயில் பாதை காட்பாடி, அரக்கோணம் கடந்து திருவள்ளூர் வழியே போகிறது. திருவள்ளூரில் இறங்கினால் பூண்டி அருகில்தான். சென்னைக்குக் குடிநீர் வழங்க 1944இல் பூண்டி நீர்த்தேக்கம் அமைந்தபோது பழைய திருவெண்பாக்கம் நீர்ப்பரப்புக்குள் போய்விட்டது. கோயிலை வேறிடத்தில் எடுத்துக் கட்டினர். பார்வை இழந்து வந்த சுந்தரருக்கு இறைவன் அங்கே கண்ணைத் தரவில்லை. ஓர் ஊன்றுகோலைத் தந்தார். கண் கேட்டவனுக்குக் கோலா என்று சினந்த சுந்தரர் அதை வீசி எறிந்தார் என்றும், அது நந்தியின்மேல் பட்டுக் கொம்பு ஒடிந்தது என்றும் தலத்தார் கூறுவர். கோலூன்றி நிற்கும் சுந்தரரின் உருவமும், ஒற்றைக் கொம்பு ஒடிந்த அந்த நந்தியும் புதிய கோயிலில் இருக்கின்றன. ஊரையே இடம் மாற்றிக் கட்டிய போதும் அந்தக் கொம்பை ஒட்டவைக்க யாரும் முனையவில்லை.